சேமலாபப் பணத்தில் பழைய இயந்திரம் வாங்கலாமா?
தச்சுப் பட்டறை வைக்க நினைக்கும் குடும்பங்களுக்கு

தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெறுகிறவர் கைக்குப் பெரிய தொகை ஒன்று வருவது ஒரே ஒரு தடவைதான். அதுதான் ஊழியர் சேமலாப நிதி. மாதாமாதம் நமது சம்பளத்தில் 8 வீதமும் நிர்வாகத்தின் பங்காக 12 வீதமும் சேர்ந்த காசு அது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைப் பெறலாம். தச்சு வேலை பழகிய மகனுக்கு இந்தக் காசில் ஒரு பட்டறை வைத்துக் கொடுக்க எத்தனையோ பெற்றோர் ஆசைப்படுகிறார்கள்.

புது இயந்திரத்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அப்போதுதான், "மட்டக்களப்புப் பக்கம் பழைய மெசின் ஒன்னு மலிவா இருக்காம், மாமா" என்று யாராவது சொல்லுவார்கள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகக் குடும்பங்கள் பல வடக்கு கிழக்குக்குப் போய்விட்டதால், அந்தப் பக்கத்துச் செய்தி நமக்கு வருவது புதிதல்ல.

வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

பழசு எல்லாம் கழிவு அல்ல

நம்ம ஸ்டோரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் காலத்து ரோலர்கள் எத்தனை வருடம் கொழுந்து அரைத்திருக்கின்றன! கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே போனால் அந்தக் காலத்து இயந்திரங்களை இன்றும் பார்க்கலாம். வார்ப்பிரும்பு கனமானது, அதனால் இயந்திரம் ஓடும்போது அதிராது. தேய்கிற பெயரிங், பெல்ட் போன்றவற்றை மாற்றிக்கொள்ளலாம். ஸ்டோரில் ஃபிட்டர் வேலை பார்த்தவருக்கு இது கைவந்த கலை. வாங்கப் போகும்போது அப்படி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வாவிக்கரையின் உப்பு

மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் உவர் நீர். காற்றிலும் உப்பு இருப்பதால் அங்கே இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். "கறள் ஏறிட்டு" என்று அந்த ஊர்க்காரர் சொல்லுவது இதைத்தான். ஆனாலும் 1924இல் கட்டிய கல்லடி இரும்புப் பாலம், 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகும் அங்கே நிற்கிறது. பராமரிப்பு இருந்தால் இரும்பு நிற்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்லடி, நாவலடிப் பக்கமெல்லாம் கடல்நீர் ஏறியது. ஆகவே கரையோரத்துப் பழைய இயந்திரம் என்றால், "இது தண்ணியில கிடந்ததா?" என்று முதலில் கேளுங்கள். மேலே பெயின்ட் அடித்திருந்தாலும் உள்ளே உப்பு இருந்து அரிக்கும். பெயரிங், மோட்டர் இரண்டையும் கழற்றிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. உடல்: சிறிய சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். மணி போல் ஒலித்தால் நல்லது. மந்தமான சத்தம் வந்தால் வெடிப்பு இருக்கலாம். உடல் வெடித்த இயந்திரம் வேண்டாம்.

2. மேசை: நேரான இரும்புப் பட்டியை நீளவாக்கிலும் குறுக்கிலும் வையுங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் மேசை வளைந்திருக்கிறது.

3. தண்டு: கையால் சுற்றிப் பாருங்கள், மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயரிங் தேய்ந்திருக்கிறது. பெயரிங்கில் வெட்டியிருக்கும் இலக்கத்தைச் சொன்னால் கடையில் எடுக்கலாம். மிகப் பழைய இயந்திரத்தில் ஈய உலோகம் வார்த்த பெயரிங் இருக்கும். அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும்.

4. மோட்டர்: வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஒற்றைக் கட்ட மின்சாரம். பெரிய இயந்திரங்கள் 400 வோல்ட் மூன்று கட்டத்தில் ஓடும். அந்த இணைப்பு எடுக்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

5. சீவும் இயந்திரத்தின் தலை: கத்தி பூட்டும் தலை சதுரமாக இருந்தால் வாங்கவே வேண்டாம். சதுரத் தலையின் இடைவெளியில் விரல் ஆழமாகச் சிக்கும். உருண்டைத் தலையே பாதுகாப்பு.

துரு எடுப்பது எப்படி?

உப்புப் பட்டதை முதலில் நல்ல தண்ணீரில் பல தடவை கழுவி, உடனே காய வையுங்கள். லேசான துருவை மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் போட்டுத் தேய்த்து எடுக்கலாம். பிறகு துடைத்து, கிரீஸ் அல்லது மெழுகு பூசுங்கள். நனைந்த மோட்டரை மின்வேலை தெரிந்தவர் சோதிக்காமல் மின்சாரத்தில் இணைக்கக்கூடாது.

வேகக் கணக்கு

மோட்டர் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடுகிறது என்று வைப்போம். மோட்டரில் 6 அங்குலக் கப்பி, வாள் தண்டில் 3 அங்குலக் கப்பி. 1440ஐ 6ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 2880. வாள் அத்தனை சுற்றுச் சுற்றும். வாள் தட்டில் அடித்திருக்கும் உச்ச வேகத்தை இது தாண்டவே கூடாது. "கப்பியை மாத்தினா வேலை சுருக்கா முடியும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேகம் மிஞ்சினால் தட்டு உடைந்து பறக்கும்.

விரல் போனால் வராது

பழைய இயந்திரம் மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம், அதன் மூடி தொலைந்து போயிருப்பதுதான். வாளுக்கு மூடி, பெல்ட்டுக்கு மூடி, வாளுக்குப் பின்னால் பலகையைப் பிரித்துப் பிடிக்கும் தகடு ஆகிய மூன்றையும் பூட்டிய பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும். சிறு துண்டைக் கையால் தள்ளாமல் கட்டையால் தள்ளுங்கள். கையுறை, தொங்கும் சட்டைக் கை, சேலைத் தலைப்பு எதுவும் சுற்றும் தண்டுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. எர்த் வயரும் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம். மரத்தூள் நெஞ்சுக்கு ஆகாது, மூக்கை மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பட்டறைக்குள் விடாதீர்கள்.

காசை எப்படிப் பிரிப்பது?

முழுக் காசையும் இயந்திரத்தில் போடாதீர்கள். லொறிக் கூலி, பெயரிங், பெல்ட், வயரிங், மரம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். முதல் வேலை கிடைக்கும்வரை வீட்டுச் செலவும் இருக்கிறது. கைவாள், சீவுளி, உளியோடு ஒரே ஒரு இயந்திரம் தொடக்கத்துக்குப் போதும். முதிரை, தேக்கு போன்ற மரங்களை அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றினால் வழக்கு வரும். பட்டறை தொடங்குமுன் பிரதேச செயலகத்திலும் வன இலாகாவிலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு வேலை சரியாகப் பழகவில்லை என்றால், முதலில் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் பயிற்சிக்கு அனுப்புங்கள். இயந்திரத்தைப் பிறகும் வாங்கலாம். இருபது, முப்பது வருடம் மலையேறிச் சேர்த்த காசு இது. அவசரப்பட்டு இரும்பில் போடாமல், ஒரு நாள் செலவழித்து நன்றாகப் பார்த்துப் போடுங்கள்.