குடிசன மதிப்பும் முற்கோளும்

ஆராய்ச்சி என்பது உள்ளதை உள்ளவாறு காண்டல் என்பர். ஆயினும், எதனைக் காணவேண்டும் என்பதை ஆராய்வோன் தொடக்கத்திலேயே தீர்மானித்து விடுகின்றான். அத்தீர்மானம் அவன் வாழும் சூழலிலிருந்தே பிறக்கின்றது. இதற்கு இலங்கைக் குடிசன மதிப்பினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1871ஆம் ஆண்டில் இத்தீவு முழுவதையும் தழுவிய முதற் குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது. அதில் இருபதுக்கு மேற்பட்ட இனங்கள் குறிக்கப்பட்டன. 1881இல் அவை ஏழாயின. இடையில் எவ்வினமும் அழிந்துவிடவில்லை. குறைந்தவை அட்டவணையின் நிரல்களே. 1901இல் சிங்களவர் கரைநாட்டார், கண்டியார் என இரு கூறாயினர். 1815இற் கண்டி வீழும்வரை கரையோரத்தை மட்டும் ஆண்ட ஆங்கிலேயரின் நோக்கு அப்பிரிவில் நிலைத்திருந்தது. ஆனால் அம்மதிப்பை நடத்தியவர் கொழும்பிற் பிறந்த தமிழராகிய பொன்னம்பலம் அருணாசலம் என்பதையும் மறத்தலாகாது. முற்கோள் அயலார்க்கே உரியதன்று.

1911இல் தமிழரும் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எனப் பிரிக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியபொழுது, அவரை 'இந்தியர்' எனக் குறிக்கும் வழக்கு அரசாங்க அறிக்கைகளில் முப்பத்தேழு ஆண்டு பழகியிருந்தது.

இந்நிரல்களைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் ஆராயாதே ஏற்பின் விளைவது யாது? வெள்ளவத்தையில் ஒருகாலத்தில் நெசவாலைத் தொழிலாளரும் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞரும் அயலயலே வாழ்ந்தனர். அவர்தம் பிள்ளைகளின் கல்வியை ஆராயப் புகும் ஒருவன் குடும்பங்களை இனவாரியாகப் பிரிப்பானாயின், இந்தியத் தமிழர்க்கும் இலங்கைத் தமிழர்க்கும் உள்ள வேற்றுமையையே காண்பான். தந்தையின் தொழில், வருவாய், வீட்டு வாடகை என்பவற்றாற் பிரிப்பவனோ கூலிக்கும் சம்பளத்துக்கும் உள்ள வேற்றுமையைக் காண்பான். பிள்ளைகள் அவரே, வினாத்தாளே வேறு. முன்னவன் முடிவைக் கொண்டு ஓரினத்தின் இயல்பைப் பேசுவர். பின்னவன் முடிவைக் கொண்டு பாடசாலைக் கட்டணத்தைப் பேசுவர்.

கொட்டாஞ்சேனையில் இச்சிக்கல் இன்னும் நுண்ணிது. பாட்டனார் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். தந்தையும் மகனும் கொழும்பையன்றி வேறூர் அறியார். அம்மகன் எந்நிரலிற் சேர்வான்? தலைமுறை தலைமுறையாக அங்கு வாழும் கொழும்புச் செட்டிமாரும் பரதரும் 2012ஆம் ஆண்டு மதிப்பிலே தனித்தனி இனமாக எண்ணப்பட்டனர். சிங்களவரின் இருபிரிவோ 1981இலேயே ஒன்றாக்கப்பட்டுவிட்டது. தமிழரின் பிரிவு நீங்கவில்லை. 2024ஆம் ஆண்டு மதிப்பில் 'இந்தியத் தமிழர்' என்பதனோடு 'மலையகத் தமிழர்' என்னும் பெயரும் அந்நிரலுக்கு இடப்பட்டது.