முதற் சொல்

நியூசிலாந்து நாட்டின் தொல்குடியினர் மாவோரி மக்கள் ஆவர். அவர்தம் பிள்ளைகள் ஐந்தாம் அகவையிற் பள்ளி புகுந்து ஆங்கிலத்தில் எழுதப் படிக்கக் கற்றனர். 1950-ஆம் ஆண்டையொட்டி அவர்கள் கையிற் கொடுக்கப்பட்ட முதற் புத்தகத்தில், ஜானெட், ஜான் என்னும் இரு பிள்ளைகள் தூய ஆடையணிந்து விளையாடிக் கொண்டிருந்தனர். ‘கம்’, ‘லுக்’ என்பன போன்ற சிறு சொற்களே பக்கந்தோறும் திரும்பத் திரும்ப வந்தன. சிறிய சொல் கற்றற்கு எளிது என்று எவரும் எண்ணுவர். அது பெரியவர்கள் போட்ட கணக்கு!

அக்கணக்குப் பிழைபட்டதைக் கண்டவர் சில்வியா ஆஷ்டன் வார்னர் (1908-1984) என்னும் ஆசிரியை. அவர் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். அடி உதையும் அன்பும் மாறி மாறிப் பெற்று வளர்ந்தவன். போலீசாரைக் கண்டால் அஞ்சுபவன். ‘கம்’, ‘லுக்’, ‘அண்ட்’ ஆகிய மூன்று சொற்களைக் கற்க அவனுக்கு நான்கு திங்கள் ஆயின. மந்தன் என்று அவனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆசிரியை அவ்வாறு செய்தாரல்லர். கசாப்புக் கத்தி, சிறை, போலீசு, அழுகை, முத்தம், அம்மா என்பவற்றிற்குரிய ஆங்கிலச் சொற்களை எழுதிக் கொடுத்தார். நான்கே நிமிடங்களில் அவன் அவற்றைக் கற்றுக் கொண்டான். கசாப்புக் கத்திக்குரிய ஆங்கிலச் சொல் எத்துணை நீளமானது என்பதை நீங்கள் அறிவீர்கள். எழுத்துகளின் எண்ணிக்கை அவனைத் தடுக்கவில்லை.

அவர் கையாண்ட முறை இது. நாள்தோறும் ஒவ்வொரு பிள்ளையாக அருகில் அழைத்து, “உனக்கு என்ன சொல் வேண்டும்?” என்று வினவுவார். பிள்ளை கூறும் சொல்லைத் தடித்த அட்டையிற் பெரிய எழுத்தில் எழுதி, அதன் கையிலேயே கொடுத்துவிடுவார். பிள்ளை எழுத்தின்மேல் விரலை ஓட்டி, வாய்விட்டுச் சொல்லும். மறுநாட் காலையில் அட்டைகள் அனைத்தும் தரையிற் கொட்டப்படும். பிள்ளைகள் ஆரவாரத்தோடு பாய்ந்து தத்தம் அட்டைகளைத் தேடியெடுத்து, ஒருவர்க்கொருவர் படித்துக் காட்டுவர். ஒரு பிள்ளை தன் சொல்லை மறந்திருப்பின் ஆசிரியை கடிந்து கொள்வதில்லை, அவ்வட்டையை நீக்கிவிடுவார். குறை பிள்ளையினுடையது அன்று. அச்சொல் அதன் நெஞ்சில் வேரூன்றிய சொல் அன்று என்பது அவர் கருத்து.

பேய், கத்தி போன்ற சொற்களைப் பிஞ்சு உள்ளங்களுக்குக் கற்பிக்கலாமா என்று சிலர் ஐயுறலாம். அவ்வையம் இயல்பானதே. ஆயினும், அச்சொற்களை ஆசிரியை கொண்டு வரவில்லை. அவை முன்னரே அங்கு இருந்தன. குழந்தையின் உள்ளம் இரு வாய்களையுடைய எரிமலை என்றார் அவர். ஒன்று அழிக்கும் வாய். மற்றொன்று ஆக்கும் வாய். ஆக்கும் வாய் அகன்றால் அழிக்கும் வாய் வற்றிப்போகும் என அவர் நம்பினார்.

இம்முறை ஆசிரியர்க்கு அரியதொரு பயிற்சியையும் வேண்டிற்று. பிள்ளை வாய் திறக்குமுன் தாமே ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்காமல் காத்திருக்க வேண்டும். கற்பிப்பவர்க்கு இதனினும் கடினமானது வேறில்லை. சொற்கள் பெருகியபின், பிள்ளைகள் தம் வீட்டு நிகழ்ச்சிகளைத் தாமே சிறு தொடர்களாக எழுதினர். நேற்றிரவு வீட்டில் நடந்த சண்டையும் அதில் இடம்பெறும். பாட்டியின் வருகையும் இடம்பெறும். ஒருவர் எழுதியதே மற்றவர்க்குப் பாடமாயிற்று.

இம்முறையை விளக்கி அவர் எழுதிய ‘ஆசிரியர்’ என்னும் நூல் 1963-இல் வெளிவந்தது.