பல்கலைக்கழக மாணவரின் வரவும் செலவும்



 

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக 1997இல் வவுனியாவில் தொடங்கப்பட்ட நிறுவனம், 2021 ஆகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்து இன்று பம்பைமடுவில் இயங்கி வருகின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் உள்ளன. இவ்விடங்களுக்கு வரும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் தம் வாழ்வில் முதன்முறையாக ஒரு மாதத்துக்கான பணத்தை மொத்தமாகத் தம் கையில் வாங்குகின்றனர். உயர்தரம் வரை கணக்கியல் கற்ற பிள்ளைகூடத் தன் சட்டைப்பையின் கணக்கை எழுதிப் பார்த்ததில்லை.

நம் பிரதேசத்தின் குடும்பப் பொருளாதாரத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, நீண்ட காலத்தின் பின் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மீளக் குடியமர்ந்த நம் குடும்பங்கள் பல, வீட்டையும் வயலையும் புதிதாகவே ஆரம்பித்தன. வன்னியில் விவசாயியின் பணம் மாதந்தோறும் வருவதில்லை. பெரும்போக அறுவடை முடிந்தால் ஒரு தொகை வரும். குளத்தில் நீர் இருந்தால் சிறுபோகத்தில் இன்னொரு தொகை வரும். பிள்ளையின் அறை வாடகையோ ஒவ்வொரு மாதமும் வந்து நிற்கும். பருவத்தில் வரும் வருமானத்துக்கும் மாதத்தில் வரும் செலவுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியிலேதான் உம்மாவின் நகை அடகுக்குப் போகின்றது.

நபி யூஸுஃப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றை நம் மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவர். ஏழு செழிப்பான ஆண்டுகளின் தானியத்தைக் கதிரோடு சேமித்து, ஏழு பஞ்ச ஆண்டுகளைக் கடக்க அவர்கள் வழிகாட்டினார்கள். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களும் தம் குடும்பத்துக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கிவைத்தார்கள் என்று ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியுள்ளது. ஆகவே அறுவடைப் பணம் கைக்கு வந்த அன்றே அடுத்த பருவம் வரையிலான கல்விச் செலவைத் தனியே எடுத்துவைப்பது தவக்குலுக்கு முரணானது என்று எவரும் கூற முடியாது. எஞ்சிய பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்குவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மாணவரின் வரவில் மஹாபொல புலமைப்பரிசிலும், அது கிடைக்காதோருக்கான உதவிப் பணமும் முக்கியமானவை. மஹாபொல நீண்ட காலம் மாதம் 5,000 ரூபாய் அளவிலேயே இருந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டில் 94.9 வீதம் உயர்ந்திருந்தது. உணவின் விலை ஏறக்குறைய இரட்டித்தும் அந்த 5,000 ரூபாய் அப்படியே நின்றது. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலேதான் மஹாபொலவை 7,500 ரூபாயாகவும் உதவிப் பணத்தை 4,000இலிருந்து 6,500 ரூபாயாகவும் உயர்த்தினர். ஆயினும் இப்பணம் குறித்த திகதியில் தவறாது வரும் என்று எண்ணி எவருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தாமதித்து, சில மாதத் தொகை ஒன்றாக வருவதும் உண்டு. அவ்வாறு வரும் தொகை போனஸ் அன்று. கடந்த மாதங்களில் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்ப வேண்டிய மண் அது.

இங்கே ஒரு சொல் பெற்றோருக்கு. இவ்வுதவிகள் வழங்கப்படும்போது குடும்ப வருமானமும் கவனிக்கப்படுகின்றது. வருமானத்தைக் குறைத்துக் காட்டிக் கிராம அலுவலரிடம் கடிதம் பெறுவது, உண்மையான ஏழைப் பிள்ளை ஒன்றின் சோற்றை எடுத்துக்கொள்வதாகும். அப்பணத்தில் படித்த படிப்பில் பரகத்தை எவ்வாறு எதிர்பார்ப்பது?

இனிக் கணக்குக்கு வருவோம். விளக்கத்துக்காக, ஒரு மாணவருக்குப் புலமைப்பரிசிலும் வீட்டுப் பணமுமாக மாதம் 20,000 ரூபாய் வருகின்றது என்று கொள்வோம். அறை வாடகை 5,000 முதலில் போகட்டும். ஊருக்குப் போய்வரும் பஸ் கட்டணம், பரீட்சைக் காலத்துப் போட்டோ கொப்பி, காய்ச்சல் வந்தால் மருந்து ஆகியவற்றுக்காக 1,500 ரூபாயை எடுத்துத் தனி உறையில் வைக்க வேண்டும். இவை மாதந்தோறும் வருவதில்லை. ஆனால் வராமலும் இருப்பதில்லை. மீதி 13,500 ரூபாய். முப்பது நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 450. இதை வாரம் 3,150 என்று பிரித்துக் கையில் எடுத்தால், நான்கு வாரம் முடிந்த பின்னும் இரு நாளுக்கான 900 ரூபாய் எஞ்சும். மாதத்துக்கு நான்கு வாரம் என்று மனக்கணக்குப் போடுவோர் கடன் கேட்டு அலைவது அந்த இரு நாளிலேதான்.

450 ரூபாயில் மூன்று வேளையும் கடையில் உண்ண முடியாது. தொலைபேசிக்கு ரீலோட் செய்யவும் முடியாது. கணக்கு எழுதுவதன் பயனே இதுதான். பணம் தீர்ந்த பின் அல்ல, மாதத்தின் முதல் நாளிலேயே உண்மை தெரிந்துவிடுகின்றது. தெரிந்துவிட்டால் நான்கைந்து பேர் சேர்ந்து சமைப்பதைப் பற்றி யோசிக்கலாம். அரிசியும் தேங்காயும் வீட்டிலிருந்து கொண்டுவரும் பிள்ளைக்குச் செலவு இன்னும் குறையும். வெட்கப்பட இதில் என்ன இருக்கின்றது?

கூட்டாகச் சமைக்கும் இடத்தில் ஒரு கொப்பி அவசியம். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனமாகும். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோர்வடைய வேண்டாம் என்றும் அது போதிக்கின்றது. நண்பனிடம் வாங்கிய 200 ரூபாயை எழுதுவது நட்பை அவமதிப்பதன்று. எழுதாத கடனே பின்னர் நட்பை முறிக்கின்றது.

வட்டிக் கடனைப் பற்றி வன்னி மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நுண்கடன் வாங்கிய பெண்கள் வாராந்தத் தவணை கட்டமுடியாமல் தவித்ததையும், 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுக்கு 100,000 ரூபாய் வரையான கடன்களில் அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க நேர்ந்ததையும் கண்டோம். பிள்ளையின் கைத்தொலைபேசிக்காக உம்மா அத்தகைய குழுவொன்றில் கையொப்பமிடுவது மார்க்கத்திலும் தவறு, கணக்கிலும் தவறு. உண்மையாகவே வழியற்ற மாணவருக்கு ஸகாத் நிதியிலிருந்து உதவ வேண்டிய பொறுப்பு ஊர்ப் பள்ளிவாசல் நிருவாகத்துக்கு உண்டு. அதைக் கேட்பதற்குப் பிள்ளை வரிசையில் நிற்க வேண்டிய நிலையை ஏற்படுத்தாமல், நிருவாகமே வீட்டாரிடம் இரகசியமாக விசாரிப்பது கண்ணியமானது.

வாப்பாமார் தம் கஷ்டத்தைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டாம். இவ்வருடம் நெல்லுக்கு என்ன விலை கிடைத்தது, உரத்துக்கு எவ்வளவு போனது என்பதைப் பல்கலைக்கழகம் செல்லும் வயதுடைய மகனும் மகளும் அறிந்திருக்கட்டும். வீட்டில் பணம் இருக்கின்றது என்று நம்பும் பிள்ளை செலவழிக்கின்றது. அதன் மீது கோபிப்பதில் நியாயமில்லை. பிள்ளைகளும் மாத முடிவில் செலவுக் கொப்பியை வீட்டாருக்குக் காட்டப் பழகுங்கள். ஸதகாவுக்கு ஒரு சிறு தொகையையும் அதில் எழுதுங்கள்.

ரமழானில் இக்கணக்கு மாறும். பகலுணவுச் செலவு இல்லை. ஸஹருக்குச் சமைக்க வேண்டும். பெருநாளுக்கு ஊர் திரும்ப வேண்டும். பெருநாள் உடுப்புக்கான பணத்தை ரஜப் மாதத்திலிருந்தே சிறிது சிறிதாகச் சேர்ப்பவர் கடைசி வாரத்தில் கைமாற்று வாங்க மாட்டார். படிப்பு முடிந்து அறையைக் காலி செய்யும்போது, முற்பணத்தைக் கேட்டுப் பெறுங்கள். கொப்பியைத் திறந்து, கொடுக்க வேண்டியவர்களைத் தேடிச் சென்று கொடுத்துவிட்டே பஸ் ஏறுங்கள்.