சால்மன் உரமிட்ட காடு

அலாஸ்காவின் தென்மேற்கில், அலெக்னாகிக் ஏரியில் வந்து விழும் ஹான்சன் ஓடைக்குப் பெரும்பாலான இடங்களில் கணுக்கால் ஆழம்தான். கோடையின் பிற்பகுதியில் அதில் ஏறும் சாக்கை சால்மன்களின் சிவந்த முதுகு தண்ணீருக்கு வெளியே தெரியும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் குவினும் அவர் மாணவர்களும் ஆண்டுதோறும் இங்கே வந்து செத்த மீன்களை எண்ணினார்கள். எண்ணிய மீனையே மறுநாளும் எண்ணிவிடக் கூடாது என்று, ஒவ்வொன்றையும் ஒரே பக்கத்துக் கரையில் எறிந்தார்கள். இருபது ஆண்டுகளில் அந்த ஒரு கரையில் சேர்ந்தது சுமார் 267 டன் மீன்.

பிறகுதான் மரங்களைத் துளைத்து ஆண்டு வளையங்களை அளந்தார்கள். மீன் விழுந்த கரை வடக்கு பார்த்த சரிவு, வெயில் குறைவு. அதற்கு முன்பெல்லாம் எதிர்க்கரையின் வெண் ஸ்புரூஸ் மரங்களே வேகமாக வளர்ந்திருந்தன. மீன் விழத் தொடங்கிய காலத்தில் இந்தக் கரை மரங்களின் வளர்ச்சி கூடியிருந்தது. இலைகளில் கடலிலிருந்து வந்த நைட்ரஜனின் அடையாளமும் இருந்தது. 2018இல் வெளியான இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. மரத்தின் வளர்ச்சியை அறிய வேண்டுமானால் இருபது ஆண்டு காத்திருக்கத்தான் வேண்டும், அவர்கள் காத்திருந்தார்கள்.

கடலின் நைட்ரஜன் மலைக்கு எப்படி ஏறுகிறது? சாக்கை ஏரியில் ஓரிரு ஆண்டு வளர்ந்து, பசிபிக்கில் இரண்டு மூன்று ஆண்டு மேய்கிறது. உடல் எடையில் பெரும்பகுதி கடலில் சேர்த்ததே. ஆற்றுக்குள் நுழைந்ததும் இரை எடுப்பதை நிறுத்திவிடும். கடலில் தின்ற இறால் போன்ற உயிரிகளிடமிருந்து பெற்ற செந்நிறம் தசையிலிருந்து தோலுக்கு மாறும். ஆணுக்கு முதுகு கூனி, தாடை கொக்கியாக வளையும். பெண் மீன் வாலால் சரளைக்கல்லைக் கிளறிக் குழி பறித்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதன்பின் இரண்டும் சாகும். கரடி இழுத்துப் போனது, வெள்ளம் ஒதுக்கியது எல்லாம் மண்ணுக்குச் சேரும்.

இந்த ஓடை பிரிஸ்டல் விரிகுடாவில் கலக்கும் உட் ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. பார்க்க விரும்புகிறவர் டில்லிங்ஹாம் ஊருக்கு விமானத்திலோ படகிலோதான் வர முடியும். வெளியுலகோடு சாலைத் தொடர்பு கிடையாது. யூபிக் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சால்மன் பிடித்து உலர்த்தி உண்ணும் மண் இது. 2022இல் இந்த விரிகுடாவுக்குத் திரும்பிய சாக்கை ஏறத்தாழ 7.9 கோடி. அவ்வளவும் காட்டு மீன்; பண்ணையில் பொரித்து விட்டது அல்ல.

இந்தப் பெருக்கம் தற்செயல் இல்லை. உட் ஆற்றின் கரையில் எண்ணும் கோபுரம் இருக்கிறது. பருவத்தில் இரவும் பகலும், மணிக்குப் பத்து நிமிடம் வீதம், ஆள் மேலே நின்று ஏறிப்போகும் மீன்களை எண்ணுகிறார். அந்த எண்ணைப் பார்த்தே செவுள் வலைப் படகுகளுக்கு நேரம் திறக்கிறார்கள், மூடுகிறார்கள். படகின் நீளமும் 32 அடியைத் தாண்டக் கூடாது. இனப்பெருக்கத்துக்குத் தேவையான மீன் மேலே போய்ச் சேருவதுதான் முதல் கணக்கு, வலைக்கு மிஞ்சியதுதான். பிடிபடாத மீன் வீண் என்ற வாதம் எங்கும் கேட்பதுதான். ஹான்சன் ஓடையின் மரங்களைப் பார்த்த பிறகு அதை ஏற்க முடியாது.

இந்த வளத்துக்கு இன்னொரு காரணம், இங்குள்ள சாக்கை ஒரே கூட்டம் அல்ல. ஓடைக்கு ஓர் இனக்குழு, ஏரிக்கரைக்கு ஓர் இனக்குழு என நூற்றுக்கணக்கில் பிரிந்திருக்கிறது. ஆழமற்ற ஓடைகளில் முட்டையிடுபவை மெலிந்த உடல் கொண்டவை. பருத்தவை தரைதட்டும், கரடிக்கும் எளிதில் சிக்கும். ஒரு குழுவுக்குப் பொய்த்த ஆண்டு இன்னொன்றுக்கு விளையும், பல இடத்தில் நிலம் வைத்திருக்கும் குடும்பம் போல. ஆய்வாளர் டேனியல் ஷிண்ட்லரின் குழு 2010இல் இதைக் கணக்கிட்டது: எல்லாம் ஒரே கூட்டமாக இருந்திருந்தால் வரத்தின் ஏற்ற இறக்கம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்திருக்கும், மீன்பிடிப்பைப் பத்து மடங்கு அடிக்கடி மூட வேண்டியிருக்கும்.

ஆகவே பெயர் தெரியாத சிற்றோடைகூட இங்கே முதலீடு. அதே விரிகுடாவின் நுஷகாக், குவிசாக் ஆறுகளின் தலைப்பகுதியில் பெப்பிள் என்ற பெரும் செம்பு, தங்கப் படிவு கிடக்கிறது. அதைத் தோண்டத் திட்டமிட்ட சுரங்கத்தின் கழிவை அங்குள்ள ஓடைகளிலும் சதுப்பிலும் கொட்ட 2023 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தடை விதித்தது. சுரங்க நிறுவனமும் அலாஸ்கா மாநில அரசும் 2024இல் அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. அந்தத் தடை நீடிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்; செம்பு வேறு இடங்களிலும் கிடைக்கும்.