பிஒய் 01 எண்ணில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்

சனி, ஞாயிறு வந்தால் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் உறுமிக்கொண்டு வரும் கார்களைப் புதுச்சேரிக்காரர்கள் வேண்டிய மட்டும் பார்க்கிறார்கள். அதில் ஒன்று ஏழெட்டு வருடம் கழித்து, புது விலையில் பாதிக்கும் கீழே விற்பனைக்கு வந்தால் புதுச்சேரியின் சாரம் பகுதி இளைஞருக்கு ஆசை வராமல் இருக்குமா? ஒரே ஒரு எண்தான் உறுத்தும்: ஓடியது 1,20,000 கி.மீ.

அதைக் கண்டு மிரளத் தேவையில்லை. இர்வ் கார்டன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1966-இல் வாங்கிய வோல்வோ பி1800 எஸ் ஸ்போர்ட்ஸ் காரை விடாமல் ஓட்டி, 2013-இல் 30 லட்சம் மைலைத் தொட்டார். ஏறத்தாழ 48 லட்சம் கி.மீ.! நேரம் தவறாமல் ஆயில் மாற்றியதும், கையேட்டில் சொன்னபடி பராமரித்ததும்தான் அவர் செய்த மாயம். உறை போட்டுக் கடலோர ஷெட்டில் சும்மா நின்ற கார், குறைந்த கிலோமீட்டர் காட்டினாலும், காய்ந்த ரப்பர் சீல்களும் இறுகிப்போன டயர்களுமாகப் புது முதலாளியிடம் வந்து சேரும். டயர் எந்த வருடத்தது என்பதை அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கமே சொல்லிவிடும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

தவிர, மீட்டரைத் திருப்பி வைப்பது பழைய கார் சந்தையில் புதிதல்ல. டாஷ்போர்டு எண்ணை மாற்றியவர் எல்லா இடத்திலும் மாற்றியிருப்பார் என்பதில்லை. பல ஜெர்மன் கார்களில் ஓடிய தூரம் வேறு கண்ட்ரோல் யூனிட்களிலும் பதிவாகிறது. ஸ்கேனர் மாட்டினால் பொய் வெளிப்பட்டுவிடும். 40,000 கி.மீ. காட்டும் காரில் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவெனத் தேய்ந்திருந்தால் ஸ்கேனரே தேவையில்லை.

காரைப் பார்க்கப் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், எதற்காக என்று கேட்கலாம். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை தள்ளினால் ஆயில் எரிகிறது. டர்போவோ, பிஸ்டன் ரிங்கோ, வால்வு சீலோ போயிருக்கலாம். சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் கூலன்ட் உள்ளே கசிகிறது. அப்படியே கிளம்பி வந்துவிடுவது உத்தமம்.

ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு சொந்த வியாதி உண்டு. 2008 வரை வந்த பழைய போர்ஷ் பாக்ஸ்டர் என்றால் இடைத்தண்டு பேரிங்கை மாற்றியாயிற்றா என்பதுதான் முதல் கேள்வி. அது உடைந்தால் என்ஜினே போய்விடும். இந்தியாவில் 2020-இல் 200 மட்டுமே விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245-ஐ இன்றும் தேடி அலைகிறார்கள். அதற்கு முந்தைய ஆர்.எஸ். 230-இன் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸுக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். 1,20,000 ஓடிய காருக்கு இரண்டு பில் இருக்க வேண்டும். வாய்வார்த்தை கணக்கில் சேராது.

புதுச்சேரியில் இன்னொரு பயம் தண்ணீர். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி மக்களை மீட்டது. தெருவில் நின்ற கார்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு முழங்கால் தண்ணீரே போதும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், எவ்வளவு பாலிஷ் போட்டாலும் போகாத சேற்றுக் கோடு அதன் அடிமுனையில் தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளின் துருவும், ஸ்டெப்னி குழியில் படிந்த மண்ணும் அதே கதையைச் சொல்லும். காரின் அடியில் உப்புக்காற்று செய்த வேலையைப் பார்க்க லிஃப்டில் ஏற்றியே ஆகவேண்டும்.

என்ஜினைவிட வில்லங்கம் பிடித்தது ஆர்.சி. புத்தகம். 2017 வாக்கில் சொகுசு காருக்குக் கேரளத்தில் 20 சதவீதம் வரை வரி இருந்தது. இங்கே அது மிகக் குறைவாக இருந்தது. அதனால் வெளிமாநிலத்தவர் போலி முகவரி காட்டிப் புதுச்சேரியின் பிஒய் 01 பதிவெண் வாங்கிய விவகாரம் அந்த ஆண்டு வெடித்தது. மலையாளத் திரையுலகினர் சிலர் விசாரணைக்கு உள்ளானார்கள். ஆர்.சி.யில் உள்ள முகவரியில் அதன் உரிமையாளர் உண்மையிலேயே குடியிருந்தாரா என்று ஒரு நடை போய் விசாரிப்பது வீண் வேலையல்ல. காரின் மேல் கடன் இருக்கிறதா என்பதையும் அபராதத்தையும் அரசின் பரிவாகன் தளத்திலேயே பார்த்துவிடலாம். வங்கிக் கடன் இருந்தால், அது அடைந்ததைக் காட்டும் படிவம் 35-ஐ விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

வாங்குபவர் விழுப்புரத்துக்காரர் என்றால் புதுச்சேரி போக்குவரத்துத் துறையின் என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டில் ஆயுள் வரி கட்டி, எண்ணை மாற்ற வேண்டும். அந்த வரி எவ்வளவு என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, நான்கு டயர், பிரேக் டிஸ்க் விலையையும் அதோடு கூட்டி, கையில் அந்தக் கணக்கோடு போய்ப் பேரத்தில் உட்கார்ந்தால் விற்பவரின் குரல் தானாக இறங்கும்.