தண்ணீரை நிதானமாக வரச் சொன்ன ஊர்

ஓடையின் குறுக்கே நாலைந்து மரத்தடிகள் கிடக்கின்றன. வெட்டிப் போட்டவர்கள் அள்ளிக்கொண்டு போக மறந்துவிட்டார்களோ என்று தோன்றும். தடிக்கும் ஓடைப் படுகைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. சாதாரண நாளில் தண்ணீர் அதன் வழியே தன் பாட்டுக்குப் போய்விடும். தடிகளுக்கு ஒரு வேலையும் இல்லை. மழை கொட்டி ஓடை பெருகும்போதுதான் அவை விழித்துக்கொள்கின்றன. வெள்ளம் தடியில் முட்டி, எழும்பி, இருபுறமும் காட்டுத் தரையில் பரவுகிறது. வேரிலும் சருகிலும் சிக்கித் தடுமாறி, சாவகாசமாக மறுபடி ஓடைக்கு வந்து சேர்கிறது. ஒரு தடுப்பால் மிச்சமாகிற நேரம் அற்பம்தான். ஆனால் இப்படிப்பட்ட தடுப்புகள், பிக்கரிங் பெக் என்னும் சிற்றாற்றின் மேல்பகுதியிலும் பக்கத்துச் செவன் ஆற்றின் மேல்பகுதியிலுமாக 167 வைக்கப்பட்டன.

இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர் மேட்டுநிலங்களின் அடிவாரத்தில் இருக்கும் சின்னச் சந்தை ஊர் பிக்கரிங். ஏழாயிரம் பேர் வசிக்கலாம். ஒரு பழைய கோட்டை, நீராவி ரயில் ஓடும் ஒரு நிலையம், அதைப் பார்க்க வரும் சுற்றுலாக் கூட்டம். நியூட்டன்டேல் என்ற குறுகிய பள்ளத்தாக்கு வழியாக இறங்கி வரும் அந்தச் சிற்றாறு ஊரின் நடுவே புகுந்து போகிறது. மேலே செங்குத்தான சரிவு, கீழே குறுகலான வாய்க்கால், அதன் கரையை ஒட்டியே வீடுகள். மேட்டில் பெய்த மழை சில மணி நேரத்தில் வாசலுக்கு வந்துவிடும். 1999, 2000, 2002, 2007 என்று ஒன்பது ஆண்டுகளுக்குள் நான்கு முறை வெள்ளம் வந்தது.

சுவர் எழுப்பலாம் என்பதுதான் பொறியாளர்களுக்கு முதலில் தோன்றிய வழி. ஊருக்குள் ஆற்றின் இரு கரையிலும் உயரமான வெள்ளத்தடுப்புச் சுவர். வரைபடம் வந்தது, பணம் வரவில்லை. இங்கிலாந்தில் அரசுப் பணம் இத்தகைய வேலைக்குக் கிடைக்க அப்போது ஒரு கணக்கில் தேற வேண்டியிருந்தது: போடும் பவுண்டுக்கு எத்தனை பவுண்டு சேதம் தவிர்க்கப்படும்? வீடுகள் நெருக்கமாக இருக்கும் பெரிய நகரங்கள் இந்தக் கணக்கில் எளிதாக முந்திக்கொள்ளும். நூறு வீடு நனைகிற ஊருக்கு எப்போதும் பின்வரிசைதான். கணக்கில் தப்பில்லை, அதன் அடியில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் கோபம். வீட்டுக் கம்பளத்தை நான்காவது முறையாகத் தெருவில் தூக்கிப் போடுகிறவரிடம் போய் விகிதாசாரம் பேச முடியுமா?

2007 ஜூனில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு பிக்கரிங்கில் நடந்ததுதான் இந்த ஊரைப் பற்றி எழுத வைக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் புவியியலாளர் சாரா வாட்மோர், அப்போது டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்த நீரியல் ஆய்வாளர் ஸ்டூவர்ட் லேன் ஆகியோரின் குழு ஒரு வித்தியாசமான சோதனைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. வெள்ளத்தைப் பற்றி நிபுணர்களும் ஊர்க்காரர்களும் முட்டிக்கொள்ளும் இடத்தில் இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் சோதனை. அப்படி உருவானது, வட்டாரத்தின் பெயரில், ரைடேல் வெள்ள ஆய்வுக் குழு. விஞ்ஞானிகள் சிலர், ஊர்க்காரர்கள் சிலர், விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மக்கள் பங்கேற்பு என்ற பெயரில் வழக்கமாக நடப்பது நமக்குத் தெரியும். திட்டம் முடிவாகிவிட்டிருக்கும். மண்டபத்தில் வண்ண வரைபடம் மாட்டியிருப்பார்கள். மைக்கைப் பிடித்து நாலு பேர் திட்டுவார்கள், ஒருவர் பாராட்டுவார், அதிகாரி குறித்துக்கொள்வார், பிஸ்கட்டும் தேநீரும் வரும். இங்கே வரிசையைத் தலைகீழாக்கினார்கள். எந்தத் திட்டமும் கையில் இல்லாமல் ஆரம்பித்தார்கள். தண்ணீர் முதலில் எங்கே ஏறியது, எந்தப் பாலத்தடியில் முட்டிக்கொண்டது, அதற்கு முந்தைய வெள்ளத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் ஆய்வின் மூலப்பொருளாயிற்று. கணினி மாதிரி எப்படிக் கணக்குப் போடுகிறது, எங்கே ஊகிக்கிறது என்பதை விஞ்ஞானிகள் திறந்து காட்ட வேண்டியிருந்தது. ஊர்க்காரர்கள் கேள்வி கேட்டார்கள். கணினி சொல்கிறது என்று வாயை அடைக்க இங்கே வழியில்லை.

மேலேயே தண்ணீரைத் தேக்க முடியாதா என்ற கேள்வி இப்படித்தான் நடுமேசைக்கு வந்தது. புதிய கேள்வி அல்ல. ஒரே இடத்தில் பெரிய தேக்கமாக யோசித்தால் சரிப்படாது என்று முன்பே தள்ளிவிடப்பட்டது. பள்ளத்தாக்கு நெடுக, சின்னச் சின்னதாகப் பல கரைகள் போட்டால்? கையில் இருந்த மாதிரிகள் எதுவும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்படி அமைக்கப்படவில்லை. எனவே இதற்கென்றே எளிய மாதிரி ஒன்றை எழுதினார்கள். கரையை இங்கே வைத்தால் என்ன, அங்கே வைத்தால் என்ன என்று சேர்ந்து உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார்கள். 2008இல் முடிவுகளை ஊரிலேயே கண்காட்சியாக வைத்தார்கள்.

அந்த மாதிரிக்கு அவர்கள் சொன்ன பெயர் ‘பண்ட் மாடல்’. நம் பொதுப்பணித் துறைக்காரர்கள் ஏரிக்கரையை ‘டேங்க் பண்ட்’ என்று சொல்கிறார்களே, அதே பண்ட்தான். பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானிக்கு வந்து, இங்கே வேலை பார்த்த வெள்ளைக்காரர்களின் வாயில் ஏறி ஆங்கிலத்துக்குப் போன சொல். யார்க்ஷயர் பள்ளத்தாக்கில் மண்கரை போட இந்தியாவிலிருந்து கப்பலேறிய சொல் தேவைப்பட்டிருக்கிறது.

அதே நேரம் லண்டனிலும் காற்று மாறிக்கொண்டிருந்தது. 2007இல் இங்கிலாந்தின் பல பகுதிகளில் வந்த வெள்ளங்களைப் பற்றி சர் மைக்கேல் பிட் தலைமையில் நடந்த ஆய்வு, 2008இல் 92 பரிந்துரைகளோடு வெளிவந்தது. சுவரை மட்டும் நம்பாமல் இயற்கையின் போக்கோடு சேர்ந்து வேலை செய்யுங்கள் என்பது அதில் ஒன்று. அதைச் சோதித்துப் பார்க்க அரசு தேர்ந்தெடுத்த மூன்று இடங்களில் பிக்கரிங்கும் இடம்பிடித்தது. வன ஆராய்ச்சி நிறுவனத்தின் டாம் நிஸ்பெட் தலைமையில் 2009இல் வேலை தொடங்கியது. ‘ஓட்டத்தைத் தளர்த்துவோம்’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. ஊருக்குள் வெள்ளம் புகும் வாய்ப்பு அப்போது ஆண்டுக்கு 25 சதவீதம்; அதை 4 சதவீதமாகவோ அதற்கும் கீழாகவோ இறக்குவது குறி.

மரத்தடிகள் அதில் ஒரு பங்கு. மேட்டுநிலத்தில் ஹெதர் என்ற குத்துச்செடி பரந்து கிடக்கும். அதை வெட்டிக் கட்டுகளாக்கி 187 சிறு தடுப்புகளை நீரோடும் பள்ளங்களில் வைத்தார்கள். ஓடையோரங்களில் செடிகளை எரிப்பதை நிறுத்தினார்கள். 40 ஹெக்டேருக்கு மேல் மரம் நட்டார்கள். இது எண்ணியதை விடக் குறைவு. ஆற்றோரச் சமவெளியில் காடு வளர்ப்பதென்றால் யாரோ ஒருவர் தன் மேய்ச்சல் நிலத்தைக் கொடுக்க வேண்டும். கீழே ஊரில் இருப்பவர் நனையாமல் இருக்க, மேலே இருப்பவர் நிலம் நனைய வேண்டும் என்பதுதான் விஷயம். காசு கொடுத்தாலும் எல்லோரும் தலையாட்டிவிட மாட்டார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு, இதை ஆர்வலர்கள் பேசக் காணோம். தண்ணீரை எங்கே வேண்டுமானாலும் தாமதப்படுத்திவிட முடியாது. ஒரு கிளை ஓடையில் வெள்ளத்தைப் பிடித்துவைத்து, அது இன்னொரு கிளையின் உச்சத்தோடு ஒன்றாகச் சேர்ந்து இறங்கினால் ஊருக்கு நல்லதுக்குப் பதில் கேடுதான். பிய்த்துக்கொண்டு வரும் தடி பாலத்தை அடைத்தாலும் அப்படித்தான். எங்கே வைப்பது என்பதற்குக் கணக்கு வேண்டும்; கணக்குக்கு ஆற்றைப் பார்த்தவர்கள் வேண்டும்.

திட்டத்தில் கனமான பகுதி மண்கரை. சிறியவையாகச் சில கரைகள் என்று ஆரம்பித்த யோசனை சட்டத்தில் மோதியது. 25,000 கனமீட்டருக்கு மேல் தண்ணீர் தேங்கக்கூடிய கட்டுமானம் அங்கே நீர்த்தேக்கச் சட்டத்துக்குள் வந்துவிடும். உடைந்தால் கீழே உயிர்ச்சேதம் ஆகுமே என்ற நியாயமான பயம். உறுதித்தன்மை, வடிகால், மேற்பார்வை என்று விதிகள் ஏறின, செலவும் ஏறியது. கடைசியில் நியூட்டன்டேலில் 1,20,000 கனமீட்டர் தேக்கும் ஒரே கரையாக வடிவம் மாற்றிக் கட்டினார்கள். அன்றாட நீர் அடியிலுள்ள மதகு வழியே போய்விடும். ஊர் வாய்க்கால் தாங்காத அளவு வெள்ளம் வந்தால் மட்டும் மிஞ்சியது கரைக்குப் பின்னால் ஏறி நிற்கும், பிறகு மெல்ல வடியும். நம் ஏரியில் தண்ணீர் நின்றால்தான் அழகு. இது காலியாக இருந்தால்தான் உபயோகம்.

2015 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சோதனை வந்தது. 36 மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை. பிக்கரிங்கில் வெள்ளம் ஊருக்குள் புகவில்லை. அதே நாட்களில் யார்க் நகரத்தில் ஃபாஸ் ஆற்றுத் தடுப்பின் பம்ப் அறைக்குள் தண்ணீர் புகுந்து, மின்சாரச் சாதனங்கள் கெட்டுவிடும் என்ற நிலையில் தடுப்பையே தூக்க வேண்டி வந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட கட்டிடங்கள் நனைந்தன. பத்திரிகைகளுக்கு அல்வா கிடைத்தது போல. கான்கிரீட் தோற்றது, மரக்கட்டை ஜெயித்தது என்று எழுதித் தள்ளினார்கள்.

அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாது. யார்க் பெரிய ஆறு ஒன்றோடு ஃபாஸ் கூடும் நகரம். பிக்கரிங் ஆற்றின் நீர்ப்பிடிப்போ எழுபது சதுர கிலோமீட்டருக்குள். மறு ஆண்டு வெளியான ஆய்வு தன் அளவை நிதானமாகச் சொன்னது: வெள்ளத்தின் உச்சம் 15 முதல் 20 சதவீதம் குறைந்தது, அதில் ஏறக்குறைய பாதி மேலே செய்த தடிகள், செடிக்கட்டுகள் முதலான வேலைகளால், மற்றப் பாதி மண்கரையால். தப்பியது சில வீடுகளும் ஊர் அருங்காட்சியகமும். மாபெரும் வெற்றி என்று தம்பட்டம் அடிக்க இதில் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தச் சில வீடுகளில் ஒன்றில் இருப்பவருக்கு அந்த 15 சதவீதம் என்பது தரைக்கும் கட்டிலுக்கும் உள்ள வித்தியாசம்.

திட்டம் குறிவைத்த 4 சதவீதம் என்றால் வெள்ளமே வராது என்று பொருளில்லை. சராசரியாக 25 ஆண்டுக்கு ஒரு முறை வரலாம், அடுத்த ஆண்டே கூட வரலாம். இன்னும் பெரிய மழைக்கு மண்கரை நிறைந்து வழியும், தடிகள் மூழ்கிப் போகும். தடிகளுக்கு ஆயுளும் குறைவு. மரம் மட்கும், ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் யாராவது மேலே ஏறிப்போய் எது நகர்ந்தது, எது முறிந்தது என்று பார்த்து வர வேண்டும்.

இந்த வரம்புகளையெல்லாம் பிக்கரிங்கில் யாரும் அறிக்கை வந்த பிறகு படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. கரையை எங்கே வைத்தால் எவ்வளவு தண்ணீர் நிற்கும், எவ்வளவு நிற்காது என்று கணினியில் ஓட்டிப் பார்த்த அன்று அவர்களில் சிலர் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.