முட்டு வருத்தம்: எவர் சொல்வதை நம்புவது?

வகுப்பில் ஒரு தோழிக்கு மூச்சு இழுக்கிறது. பையிலே பம்ப் இருக்கிறது, எடுக்கக் கூச்சப்படுகிறாள். "பம்ப் பழகிப் போகும், பிறகு விட ஏலாது" என்று அயல்வீட்டு மாமி சொல்லியிருக்கிறார். எங்கள் ஊர்களில் இந்தப் பேச்சைக் கேளாத வீடு குறைவு. அன்பினால் சொல்வதுதான். ஆனால் அன்பு வேறு, அறிவு வேறு.

பம்ப் போதைப்பொருள் அல்ல. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் வீங்குகிறது. சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் சல்பியூட்டமோல் பம்ப் சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தும், வீக்கத்தைக் குறைக்காது. வீக்கத்தைக் குறைப்பது, வைத்தியர் சொன்னபடி ஒழுங்காக இழுக்கும் சிறிதளவு ஸ்டீரொயிட் மருந்து. நீல பம்ப் அடிக்கடி தேவைப்பட்டால் அது பழக்கமல்ல. வீக்கம் அடங்கவில்லை என்பதன் அடையாளம்.

சரியான தகவலுக்கும் வயதுண்டு. 1993இல் தொடங்கப்பட்ட 'ஜினா' எனும் உலக ஆஸ்துமா அமைப்பு, பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் நீல மருந்தை மட்டும் கொடுப்பது பாதுகாப்பானதல்ல என்று 2019இல் அறிவித்தது. அதற்குமுன் இலேசான முட்டுக்கு அதுவே வழக்கமான வைத்தியம். ஆகவே எதை வாசித்தாலும் ஆண்டையும் பாருங்கள்.

ஒவ்வாமையிலும் இப்படித்தான். சூரை மீன் சாப்பிட்டு முகம் சிவந்து உடம்பு கடித்தால், "மீன் கூடாது" என்று ஆயுளுக்கும் ஒதுக்கிவிடுகிறோம். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையில் பக்டீரியாக்கள் ஹிஸ்டமீனை உண்டாக்கும். சமைத்தாலும் அது அழியாது. அது ஒவ்வாமை அல்ல, உணவு நஞ்சாதல். அதே கறியை உண்ட மற்றவர்களுக்கும் வந்ததா என்று கேட்டாலே பாதி விளங்கும். மீதியை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

கைபேசியில் மருத்துவச் செய்தி வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். சொல்பவர் யார்? எதையாவது விற்கிறாரா? எந்த ஆண்டுத் தகவல்? எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் சொல்கிறாரா? "ஒரே மாதத்தில் அடியோடு குணம்" என்றால் விலகிவிடுங்கள். ஆஸ்துமாவை நன்றாகக் கட்டுப்படுத்தலாம்; அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. பெயர் ஒட்டாத தூள்களில் ஸ்டீரொயிட் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

நோன்பு வந்ததும் மருந்தைத் தாமாகவே நிறுத்துவோரும் உண்டு. அதை ஸஹரிலும் நோன்பு திறந்த பின்னும் எடுக்கும்படி வைத்தியரால் ஒழுங்குசெய்து தர முடியும். பகலில் முட்டு வந்தால் பம்பைத் தாமதிக்காதீர்கள். அந்த நோன்பைப் பற்றிய சட்டத்தை உலமாக்களிடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

கேட்பதற்குத் தகுந்த இடங்கள் தூரத்தில் இல்லை: அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. ஆனால் பேச முடியாமல் மூச்சு முட்டினால், உதடு நீலம் பாரித்தால், தகவல் தேட நேரமில்லை. நீல பம்பை இழுக்கச் செய்துகொண்டே 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

சகோதரிகளே, பக்கத்திலிருப்பவள் பம்பை எடுக்கும்போது வெறித்துப் பார்க்காதீர்கள். அவளுடைய கூச்சம் போவதற்கு அதுவே பாதி மருந்து.